கணினித் தாய்ப்பலகை: வேகமும் வசதியும் உறுதியும்

ஒரு பொருளின் சிறப்பை அறிய விரும்புவோர் அதனை அதன் இனத்துப் பிறவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் உலக வழக்கு. ஆயின், ஒப்பிடுதற்குரிய இயல்புகள் எவை, அவற்றுள் முதன்மையானது எது என்பனவற்றை முதலில் தெளியாது ஒப்பிடப் புகின், பெறப்படும் முடிபு பயனற்றதாகும். கணினியின் உறுப்புக்களுள் இவ்வுண்மை மிகவும் பொருந்துவது தாய்ப்பலகைக்கே. செயலியின் ஆற்றலை எண்ணாற் கூறலாம். நினைவகத்தின் கொள்ளளவையும் எண்ணாற் கூறலாம். தாய்ப்பலகையின் தரமோ ஓர் எண்ணில் அடங்குவதன்று. எனவே அதனை வாங்குவோர் விளம்பரத்தில் மிகுந்து தோன்றும் எண்களை நம்பி ஏமாறுதல் எளிதாகின்றது.

தாய்ப்பலகையின் தொழில்

தாய்ப்பலகை தானாக எதனையுங் கணிப்பதில்லை. கணிப்பது செயலி, நினைவிற் கொள்வது நினைவகம், நிலையாகச் சேமிப்பது வன்றட்டு. இவற்றுக்கிடையே மூன்று பணிகளைத் தாய்ப்பலகை ஆற்றுகின்றது. உறுப்புக்களை ஒன்றோடொன்று இணைத்துச் செய்திகளைக் கொண்டு செல்லும் பாட்டைகளை அமைத்தல் முதலாவது. அவை யாவும் ஒரு தாளத்தில் இயங்குமாறு கடிகாரத் துடிப்பை வழங்குதல் இரண்டாவது. ஒவ்வோர் உறுப்புக்கும் வேண்டிய அளவில் மின்வலுவை மாற்றி ஊட்டுதல் மூன்றாவது. 1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியில் 4.77 மெகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கிய செயலியையும், விரிவாக்க அட்டைகளுக்கான ஐந்து செருகுவாய்களையும் தாங்கிய பலகை செய்த பணிகளும் இவையே; இன்றைய பலகை செய்யும் பணிகளும் இவையே. அளவிற்றான் வேறுபாடு உண்டு, இயல்பில் இல்லை.

உறுப்புக்களை அவற்றுக்கென விதிக்கப்பட்ட மீடிறனுக்கு மேலாக இயக்குதல் 'ஓவர்குளொக்கிங்' என வழங்கும். இதனை மிகைத்துடிப்பு எனலாம். மேற்கூறிய மூன்று பணிகளுள் பின்னிரண்டையும் கடுஞ் சோதனைக்குள்ளாக்குவது இம் மிகைத்துடிப்பே. ஆதலின், தாய்ப்பலகையின் மெய்யான தரம் வெளிப்படும் இடமும் அதுவேயாகும்.

1998ஆம் ஆண்டின் படிப்பினை

இவ்விடயத்தை விளக்குதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1998ஆம் ஆண்டில் அமைந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் இன்ரெல் நிறுவனம் 440 பிஎக்ஸ் என்னும் சில்லுத் தொகுதியை வெளியிட்டது. அது வரை 66 மெகாஹேட்ஸ் ஆக இருந்த பாட்டையின் மீடிறன் இதனால் 100 மெகாஹேட்ஸ் ஆக உயர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் செலரோன் 300ஏ என்னும் மலிவான செயலி வெளிவந்தது. அதன் பெருக்கி 4.5 என மாற்றவியலாதவாறு பூட்டப்பட்டிருந்தது. பாட்டை 66 ஆக இருக்க, 4.5ஆற் பெருக்க வருவது 300 மெகாஹேட்ஸ். அதே செயலியை 100 மெகாஹேட்ஸ் பாட்டையில் இருத்தின், பெருக்கி மாறாமலே 450 மெகாஹேட்ஸ் கிடைத்தது. அக்காலத்தில் பன்மடங்கு விலையில் விற்கப்பட்ட பென்ரியம் 2 செயலியின் உச்ச மீடிறனும் 450 மெகாஹேட்ஸே. மேலும், செலரோனின் 128 கிலோபைற் இடைநினைவகம் செயலியின் முழு வேகத்தில் இயங்கிற்று. பென்ரியம் 2இன் 512 கிலோபைற் இடைநினைவகமோ பாதி வேகத்திலேயே இயங்கிற்று. ஆகவே பல பணிகளில் மலிவானது விலையுயர்ந்ததற்கு ஏறத்தாழ நிகராயிற்று.

இச் செயலிக்கு உகந்த பலகைகள் எனப் பலராலும் பேசப்பட்டவற்றுள் ஏசுஸ் நிறுவனத்தின் பி2பி, அபிற் நிறுவனத்தின் பிஎச்6 ஆகிய இரண்டையும் ஒப்பிடுதல் தகும். இரண்டும் 440 பிஎக்ஸ் தொகுதியையே கொண்டவை. ஆதலின் ஒரே மீடிறனில் ஒரே செயலியை இட்டு அளந்தால், வேகத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படுதற்கு ஏதுவில்லை. வேறுபாடு பிறிதோரிடத்தில் இருந்தது. பி2பியில் பாட்டையின் மீடிறனை மாற்றப் பேழையைத் திறந்து 'ஜம்பர்' எனப்படும் சிறு இணைப்பிகளை இடம் பெயர்க்க வேண்டும். செயலியின் மின்னழுத்தத்தையோ, செயலி தானாகக் கேட்கும் அளவிற்கன்றிப் பிறிதாக மாற்ற வசதி இல்லை. பிஎச்6இல் இவ்விரண்டையும் திரையிற் றோன்றும் பட்டியல் மூலமே மாற்றலாம். ஆகவே, செயலியை விதித்த அளவில் இயக்குவோனுக்கு இரண்டும் ஒன்றே. மிகைத்துடிப்பை நாடுவோனுக்குப் பின்னதே ஏற்றது. ஒப்பீடு என்பது பொருளின் தரத்தை மட்டுமன்றிப் பயன்படுத்துவோனின் நோக்கத்தையும் பொறுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

பின்னங்களின் பொறி

மிகைத்துடிப்பில் ஈடுபடுவோர் பலர், மீடிறன் கூடக்கூட ஆபத்துங் கூடும் எனவும், சிறிது கூட்டினாற் சிறிதளவே ஆபத்து எனவும் கருதுவர். இது பிழையான கருத்து. பிஎக்ஸ் பலகைகளில் பிசிஐ என்னும் விரிவாக்கப் பாட்டைக்கு விதிக்கப்பட்ட மீடிறன் 33 மெகாஹேட்ஸ். வரைபட அட்டைக்குரிய ஏஜிபி பாட்டைக்கு விதிக்கப்பட்டது 66 மெகாஹேட்ஸ். இவை தனித்தனிக் கடிகாரங்களால் இயங்குவனவல்ல. முதன்மைப் பாட்டையின் பின்னங்களாகப் பெறப்படுவன.

பாட்டை 66 ஆயின், அதன் அரைப்பங்கு 33. பிசிஐ முறையாக இயங்கும். பாட்டை 100 ஆயின், மூன்றிலொரு பங்கு 33. அப்பொழுதும் பிசிஐ முறையாக இயங்கும். ஏஜிபிக்கு மூன்றில் இரு பங்கு, அதாவது 66 கிடைக்கும். ஆனால், இடைப்பட்ட 83 மெகாஹேட்ஸில் பாட்டையை இருத்தி, அரைப்பங்கைப் பிசிஐக்கு அளித்தால் அது 41 மெகாஹேட்ஸை விஞ்சும். வன்றட்டின் கட்டுப்படுத்தி பிசிஐ வழியே இயங்குவதால், எழுதப்படும் செய்தி பிழைபட இடமுண்டு. ஆகவே 83 என்னும் சிறு உயர்வு, 100 என்னும் பேருயர்விலும் ஆபத்தானதாயிற்று. 133 மெகாஹேட்ஸிற்குச் சென்றாலோ, நான்கிலொரு பங்கால் பிசிஐ 33இல் நிற்கும். ஏஜிபிக்கு மூன்றில் இரு பங்கிற் குறைந்த பின்னம் இன்மையால் அது 89 மெகாஹேட்ஸிற்கு உயரும். அதனைத் தாங்கிய வரைபட அட்டைகளும் உண்டு, தாங்காதனவும் உண்டு.

இதிலிருந்து தெளிவாவது யாது? பலகையின் உறுதியை ஆராய்வோன் செயலியை மட்டும் நோக்குதல் போதாது. அச் செயலியோடு பிணைக்கப்பட்ட பிற கடிகாரங்கள் யாவை, அவை எவ்வளவு விலகுகின்றன என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். பிற்காலத்தில் இன்ரெல் இச் சிக்கலை வேறு வகையால் தீர்த்தது. 2011ஆம் ஆண்டிலிருந்து அதன் பெரும்பாலான செயலிகளில் 100 மெகாஹேட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தைச் சில நூற்றுவீதத்திற்கு மேல் உயர்த்த இயலாதாயிற்று. கே என்னும் எழுத்துக் குறியுடைய செயலிகளுக்குப் பெருக்கி திறந்துவிடப்பட்டது. அப் பெருக்கியை உயர்த்தும் உரிமை இசட் வரிசைச் சில்லுத் தொகுதி கொண்ட பலகைகளுக்கே பொதுவாக உரியது. ஏஎம்டி நிறுவனமோ தன் பி வரிசைப் பலகைகளுக்கும் அவ்வுரிமையை அளித்தது. ஏ வரிசைக்கு அளித்திலது.

வேகம் என்னும் மயக்கம்

முற்காலத்தில் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்புத் தாய்ப்பலகையின் சில்லுத் தொகுதியில் இருந்தது. ஆகவே வெவ்வேறு தொகுதிகளைக் கொண்ட பலகைகளிடையே வேக வேறுபாடு மெய்யாகவே இருந்தது. ஏஎம்டி 2003ஆம் ஆண்டு அத்லோன் 64 செயலியிலும், இன்ரெல் 2008ஆம் ஆண்டு இறுதியில் தன் கோர் ஐ7 செயலியிலும் அவ்வுறுப்பைச் செயலிக்குள்ளேயே அமைத்தன. அதன்பின், ஒரே செயலியும் ஒரே நினைவகமும் ஒரே மீடிறனில் இயங்கும்பொழுது பலகைக்குப் பலகை வேகம் வேறுபடுதற்குரிய காரணம் பெரிதும் அற்றுப்போயிற்று.

அவ்வாறாயின், சோதனை அட்டவணைகளில் ஒரு பலகை மற்றொன்றை விஞ்சுவது எங்ஙனம்? பெரும்பாலும், விஞ்சும் பலகை சொல்லாமலே செயலியை மிகைத்துடிப்பிற்கு உட்படுத்துகின்றது என்பதே விடை. 2012ஆம் ஆண்டளவில், ஓர் உட்கரு மட்டும் இயங்கும்பொழுது அனுமதிக்கப்படும் உச்ச மீடிறனை எல்லா உட்கருக்களுக்கும் வழங்கும் ஏற்பாடு பலகைகளில் இடம்பெறலாயிற்று. சிலவற்றில் அது வாங்குவோன் கேளாமலே இயல்பான அமைப்பாகவும் இருந்தது. இத்தகைய பலகை வென்றது எனக் கூறுதல், விதியை மீறி முன்னே புறப்பட்டவனை ஓட்டத்தில் வென்றவன் எனக் கூறுதல் போலும். எனவே ஒப்பிடுவோர் முதலிற் செய்யவேண்டியது, மீடிறன், மின்னழுத்தம், வலு எல்லை ஆகிய மூன்றையும் எல்லாப் பலகைகளிலும் சமமாக்குதலாம்.

வலுவூட்டும் பகுதி

பலகைகளிடையே மெய்யான வேறுபாடு காணப்படும் இடம் செயலிக்கு வலுவூட்டும் பகுதியாகும். செயலி நுகரும் வலு மீடிறனோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு நேர்விகிதத்திலும் கூடும். முற்கூறிய செலரோனை 300இலிருந்து 450இற்கு உயர்த்தினால் வலு ஒன்றரை மடங்காகும். அதனோடு மின்னழுத்தத்தையும் 2.0 உவோற்றிலிருந்து 2.2 உவோற்றாக்கின், 1.5ஐ 1.21ஆற் பெருக்க, வலு 1.8 மடங்காகும். பத்து நூற்றுவீத அழுத்த உயர்வு இருபத்தொரு நூற்றுவீதச் சுமையாவது கருதற்பாலது.

இன்று இச்சுமை மிகப் பெரிது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ9 13900கே செயலிக்கு விதிக்கப்பட்ட உச்ச வலு 253 உவாற்று. 1.25 உவோற்றில் இதனை ஊட்ட ஏறத்தாழ 200 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். வலுவூட்டியின் வினைத்திறன் நூற்றுக்குத் தொண்ணூறு எனக் கொண்டால், ஏறத்தாழ 28 உவாற்று வெப்பம் பலகையிலேயே தோன்றும். மின்னோட்டம் பல வழிகளாகப் பிரிக்கப்படுதல் இதன் பொருட்டே. தடையில் இழக்கப்படும் வலு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், ஐந்து வழிகளில் நாற்பது அம்பியராகச் செல்வதைப் பத்து வழிகளில் இருபது அம்பியராகச் செலுத்தினால் அவ்விழப்புப் பாதியாகும்.

ஆயின் வழிகளின் எண்ணிக்கை மட்டும் தரத்திற்குச் சான்றாகாது. ஒரே கட்டளைக்கு இரு வழிகளை இணைத்து இரண்டெனக் கணக்கிட்டு விளம்பரஞ் செய்தலும் உண்டு. ஒவ்வொரு வழியின் தாங்குதிறன், வெப்பம் போக்கும் உலோகத் தகட்டின் பரப்பு, செயலியின் சுமை திடீரென மாறும்பொழுது அழுத்தம் எவ்வளவு தாழ்ந்து எவ்வளவு மீறி எழுகின்றது என்னும் இவற்றை அளந்தறிதலே முறை. வெப்ப நாடுகளில் அறையின் வெப்பநிலை மிகுதியாகலின், குளிரூட்டிய அறையிற் பெற்ற அளவுகளை அப்படியே ஏற்றலும் கூடாது.

கொள்ளளவிகளின் தரமும் இப்பகுதிக்கே உரியது. 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் பல நிறுவனங்களின் பலகைகளில் மின்பகுநீர்க் கொள்ளளவிகள் உப்பி வெடித்தன. மின்பகுநீரின் சேர்க்கை குறைபாடுடையதாய் இருந்தமையால் உள்ளே வாயு உண்டாயதே காரணம். மிகைத்துடிப்பிற்குப் பெயர்பெற்ற அபிற் பலகைகளும் இதனாற் பாதிக்கப்பட்டன. அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டின் இறுதியில் தாய்ப்பலகைத் தொழிலை விட்டகன்றது. வாங்கிய நாளில் முதலிடம் பெற்ற பலகை இரண்டாண்டில் வீழ்தல் கூடும் என்பதை ஒரு நாட் சோதனை காட்டாது.

அண்மைக்கால எச்சரிக்கைகள்

2023ஆம் ஆண்டில் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில, பலகையோடு கருகிய செய்திகள் வெளிவந்தன. நினைவகத்தின் வேகத்தை உயர்த்தும்பொழுது துணை மின்னழுத்தம் ஒன்று அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டமை அறியப்பட்டது; அதன்பின் அவ்வழுத்தத்திற்கு 1.3 உவோற்று என எல்லை வகுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில நாளடைவில் உறுதி குன்றின. மிகுந்த மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கடிகாரச் சுற்று முதுமையடைவதே காரணம் என அந்நிறுவனம் விளக்கிற்று. செயலியின் நுண்கட்டளைகளிலிருந்த குறைகளோடு, பலகைகளின் வலு அமைப்புக்கள் விதித்த எல்லையைக் கடந்திருந்தமையும் ஏதுக்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. திருத்திய நுண்கட்டளைகள் வெளியிடப்பட்டன. உத்தரவாதக் காலமும் இரண்டாண்டு நீட்டப்பட்டது. ஆயினும் முன்னரே பழுதுற்ற செயலியை எத்திருத்தமும் மீட்டிலது. அட்டவணையிற் சில நூற்றுவீதம் முந்துதற்குக் கொடுக்கப்பட்ட விலை இதுவாகும்.

உறுதியை அளத்தல்

கணினி நின்றுவிடாது இயங்குதல் உறுதிக்குப் போதிய சான்றன்று. நின்றுவிடும் கணினி தன் குறையைத் தானே அறிவிக்கின்றது. நில்லாமற் பிழையான விடை தரும் கணினியே கொடிது. ஆகவே, சரியான விடை முன்னரே தெரிந்த கணக்குக்களை மீண்டும் மீண்டும் செய்வித்து ஒப்பிடும் பிரைம்95 போன்ற சோதனைகளும், நினைவகத்தில் எழுதியதை வாசித்துச் சரிபார்க்கும் மெம்ரெஸ்ற் போன்ற சோதனைகளும் வேண்டப்படும். இவற்றைச் சில நிமிடங்களன்றிப் பல மணிநேரம், பலகை முழு வெப்பமடைந்த நிலையில் நடத்துதல் வேண்டும். சுமையின்மையிலிருந்து முழுச் சுமைக்கு மாறும் கணத்திலேயே அழுத்தம் தடுமாறுவதாகலின், இடையிடையே ஓய்வு கொடுத்து மீள இயக்குதலும் அவசியம். கண்டறிந்த உச்ச மீடிறனில் நிலைத்திராது, சற்றுக் கீழே இறங்கி நிற்றல் அறிவுடைமை.

வசதிகளைப் பொறுத்த வரையில் விரித்துரைக்க வேண்டியது அதிகமில்லை. செருகுவாய்கள், சேமிப்பகத் தொடுப்புக்கள், வலைப்பின்னல் வசதி ஆகியன எண்ணி அறியத்தக்கவை. ஆனால், இரண்டு தொடுப்புக்கள் ஒரே பாட்டையைப் பகிர்வனவாயின் ஒன்றைப் பயன்படுத்த மற்றது முடங்குதல் உண்டு. கைந்நூலில் இதனைப் பார்த்தறிதல் வேண்டும். நான்கு நினைவகச் செருகுவாய்களை விட இரண்டே உடைய பலகை, இணைப்புக் கம்பிகள் குறுகியும் எளிமையாயும் இருத்தலால், உயர்ந்த நினைவக மீடிறனை எய்துதல் கூடும். மிகுந்த வசதி எப்பொழுதும் மிகுந்த ஆற்றலன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தாய்ப்பலகைகளை ஒப்பிடுவோர் உறுதியை முதலிலும், வசதியை அடுத்தும், வேகத்தை இறுதியிலும் வைத்து எண்ணுதல் முறையாகும் என்பது தெளிவு. சமநிலையில் வேகம் பெரிதும் வேறுபடாது. வேறுபடின் அதற்குரிய காரணத்தை வினாவுதல் வேண்டும். மிகைத்துடிப்பு இழிந்ததொரு செயலன்று. 1998ஆம் ஆண்டிற் பொருள்வளங் குறைந்த மாணவர் பலர்க்கு உயர்ந்த ஆற்றலை அது எட்டச் செய்தது. ஆனால் அது, எல்லையை அறிந்தவன் அறிந்தே செய்யும் செயலாக இருத்தல் வேண்டும். பலகை தானே மறைவிற் செய்வதாக இருத்தல் ஆகாது. நல்ல தாய்ப்பலகை எவ்வளவு உயர இயலும் என்பதைக் காட்டுவது மட்டுமன்று. உடையவன் கேளாதவரை உயராது நிற்பதுமாகும்.