பையன் கடையில் திருடிவிட்டானா? பதறாதீர்கள்!

பள்ளிக்கூட விடுமுறை. தேவதானத்திலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் கடைத்தெருவுக்கு வருகிறான் ஒரு பையன். வயது 15. பெரிய கடை ஒன்றுக்குள் நுழைகிறான். ஒரு சென்ட் பாட்டில் அவன் சட்டைக்குள் போகிறது. வாசலில் காவலாளி கையைப் பிடிக்கிறார்!

இது கற்பனைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கலாம். "ஐயோ, பிள்ளையை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ?" என்று தாய் பதறுவாள். சட்டம் என்ன சொல்கிறது? பார்ப்போம்.

லாக்-அப் கூடாது

18 வயது நிரம்பாதவர்களுக்கு 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. அவர்களை லாக்-அப்பிலோ ஜெயிலிலோ அடைக்கக்கூடாது. கைவிலங்கு கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்லவேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும்.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும், இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். ஜாமீன் கொடுப்பதுதான் பொது விதி. மறுத்தால் காரணத்தை எழுதவேண்டும்.

என்ன தண்டனை?

குற்றம் உறுதியானால் புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். சமூகத் தொண்டு செய்யச் சொல்லலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம். மிஞ்சிப்போனால் சிறப்பு இல்லம். அதுவும் 3 ஆண்டுக்கு மேல் கிடையாது.

வேலைக்குப் போகும்போது இந்த வழக்கு குறுக்கே நிற்காது. குறித்த காலம் கழிந்ததும் பதிவேட்டையே அழித்துவிடவேண்டும் என்கிறது சட்டம்.

பையனின் படத்தையும் பெயரையும் வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவோர் கவனிக்க!

ஓர் உயிர் போன கதை

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? 2022 டிசம்பர் இறுதியில், ரெயில்வே பாட்டரி திருடியதாக தாம்பரத்தில் ஒரு 17 வயதுப் பையன் பிடிபட்டான். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கப்பட்டான். அங்கேயே இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். இல்லங்களைச் சீர்திருத்த யோசனை கூற, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது.

பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டு, "திருந்தி வரட்டும்" என்று சும்மா இருந்துவிடக்கூடாது. ஜாமீனுக்கு உடனே முயற்சி செய்யவேண்டும்.

18 வயது நிரம்பிவிட்டால்?

அப்போது சாதாரண கோர்ட்டுதான். திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டிடத்துக்குள் நடந்த திருட்டு என்றால் 7 ஆண்டு வரை போகலாம். ஆனால் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை, இத்தகைய குற்றங்களில், நன்னடத்தையில் விட முடியுமா என்று கோர்ட்டு முதலில் பார்க்கவேண்டும். 1958-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

பெற்றோர் செய்யவேண்டியது

பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். வயதை நிரூபிப்பது அதுதான். வக்கீலுக்குப் பணம் இல்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். குழந்தைகளுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 1098-க்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம்.

வீட்டுக்கு வந்த பிள்ளையை அடிக்காதீர்கள். "ஏன் எடுத்தாய்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சட்டமே அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறது. பெற்றவர்கள் கொடுக்கக்கூடாதா?