ஷிபோலெத்: ஒரு சொல்லின் கதை

ஆங்கிலப் பத்திரிகைகளின் அரசியல் பத்திகளில் எப்போதாவது வந்துபோகும் சொல் 'ஷிபோலெத்'. புளித்துப்போன சுலோகம், கட்சிக்காரர் யோசியாமல் ஒப்புவிக்கும் வாய்பாடு என்பதே இன்று அதற்கு வழங்கும் பொருள். சொல்லின் வரலாற்றில் இது கடைசியாக வந்து சேர்ந்த பொருள்.

மூலம் எபிரேயம். தானியக் கதிர் என்று அர்த்தம். நீர்ப்பெருக்கு என்றும் வரும். அரபியின் 'சுன்புலா' இதன் உறவுச் சொல். விவிலியத்தில், நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில் கதை இருக்கிறது. போரில் தோற்ற எப்பிராயீமியர் யோர்தானைக் கடந்து வீடு திரும்ப முயல்கின்றனர். ஆற்றுத் துறைகளைப் பிடித்து நிற்கும் கிலேயாத்தியர், வருகிறவனை இச்சொல்லைச் சொல்லச் சொல்கின்றனர். 'சிபோலெத்' என்றவன் வெட்டப்பட்டான். எப்பிராயீமில் 42,000 பேர் மாண்டதாக நூல் கூறுகிறது. இரு தரப்பாரும் இஸ்ரவேலர், ஒரே மொழியினர். முகத்தையும் உடையையும் பார்த்துப் பிரிக்க முடியாதபோதுதான் நாக்கைச் சோதிக்க வேண்டி வருகிறது. கதிர் என்ற அர்த்தத்துக்கு அங்கே வேலையே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் பட்ட பாடு வேறு. கிரேக்கத்தில் 'ஷ'வுக்கு எழுத்தில்லை. பழைய கிரேக்கப் பிரதியொன்று 'கதிர்' என்று அர்த்தத்தையே எழுதிவிட, ஒலி வேறுபாடு தொலைந்தது. தமிழ் விவிலியம் கிரந்த எழுத்தால் தப்பியது. வடவெழுத்தை அடியோடு நீக்கச் சொல்வோர் இக்கதையை எழுதினால், வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள்!

1611இன் ஆங்கில விவிலியம் எபிரேய ஒலியை அப்படியே வைத்துக்கொண்டது. காலப்போக்கில் அது அந்நியனைக் காட்டிக்கொடுக்கும் உச்சரிப்பு என்றும், பின் ஒரு குழுவின் அடையாளச் சொல் என்றும் விரிந்து, வெற்றுச் சுலோகமாய்த் தேய்ந்தது.

அந்த உச்சரிப்புச் சோதனை எமக்குப் புதிதல்ல. 1983 ஜூலையில், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லச் சொல்லி, 'வால்திய' என்றவர்களைத் தமிழரெனப் பிரித்தமை சாட்சியங்களில் உண்டு. அச்சொல்லும் பிறப்பால் சிங்களமல்ல, போர்த்துக்கேயரின் 'பால்டே'.

1990களில் ஐரோப்பிய அரசுகள் சில, அகதி விண்ணப்பதாரரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அவர் எந்த நாட்டவர் என ஆராயத் தொடங்கின. 2004இல் மொழியியலாளர் குழுவொன்று இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒருவர் எந்தச் சமூகத்தில் வளர்ந்தார் என்பதையே பேச்சு காட்டலாம், குடியுரிமையை அல்ல என்பது அவர்கள் வாதம். வன்னியில் பிறந்து தமிழகத்து முகாமில் பள்ளிக்குப் போன பிள்ளை 'கதைக்கிறன்' என்னாமல் 'பேசுறேன்' என்றால், அவளை அதிகாரி எந்த நாட்டில் சேர்ப்பார்?