ஒரு சட்டிக்குச் சூடு, மறு சட்டிக்கு நிதானம்

ரொறன்ரோவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது ரெக்ஸ்டேல். அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் புட்டு, இடியப்பம் வேகும் அதே அடுப்பில், பிள்ளைகள் கேட்டால் மாட்டிறைச்சி ஸ்டேக்கும் சீஸ் பாஸ்தாவும் வேகும். ஒரே தட்டுக்கு வரும் இந்த இரண்டும் அடுப்பில் நேரெதிரான விதிகளுக்குக் கட்டுப்பட்டவை.

ஸ்டேக்குக்கு முதல் எதிரி ஈரம். இறைச்சியின் மேல் நீர் இருக்கும்வரை அந்தப் பரப்பின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஏறத்தாழ 140 டிகிரியில்தான் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் விரைந்து வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மயார் 1912இல் விவரித்த வினை இது. முறுகிய தோசையின் பழுப்பு நிறமும் இதே வினையால்தான். ஆகவே இறைச்சியைக் காகிதத் துவாலையால் நன்றாக ஒற்றி எடுத்த பிறகே காய்ந்த இரும்புச் சட்டியில் போட வேண்டும்.

மேற்பரப்பை வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலர் லீபிக் பரப்பிய தவறான கருத்து. வறுபடுவதால் கிடைப்பது சுவை மட்டுமே. வெட்டும்போது வடியும் சிவப்பு நீரைக் கண்டு முகம் சுளிக்கவும் வேண்டாம். அது இரத்தமல்ல, மயோகுளோபின் என்ற தசைப்புரதம் கலந்த நீர்.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. முழுத் துண்டு இறைச்சியில் ஈ.கோலை கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டிச் சூட்டில் செத்துவிடும். ஆனால் மெதுமையாக்குவதற்காகத் தொழிற்சாலையில் ஊசியோ கத்தியோ ஏற்றிய இறைச்சியில் கிருமி நடுப்பகுதிக்கே போய்விடுகிறது. 2012இல் அல்பேர்ட்டாவின் புரூக்ஸ் நகர ஆலையிலிருந்து வந்த, ஈ.கோலை கலந்த மாட்டிறைச்சியால் 18 பேர் நோயுற்றனர். 2014 ஓகஸ்ட் முதல், இப்படி ஊசியோ கத்தியோ ஏற்றிய மாட்டிறைச்சியின் பொதியில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது கனடாவில் சட்டம். அதைச் சமைக்கும்போது குறைந்தது இரண்டு முறை புரட்டி, நடுப்பகுதியை 63 டிகிரிக்குக் கொண்டுவரச் சொல்கிறது கனடா சுகாதாரத் துறை. அரைத்த இறைச்சிக்கு 71 டிகிரி வேண்டும். சூடு கூடக்கூடத் தசைப்புரதங்கள் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளும். நம்மவர் பலர் பயத்தில் ஸ்டேக்கைத் தோலாக்கிவிடுவது இதனால்தான்.

சீஸுக்கு இந்த மூர்க்கம் ஆகாது. அதன் கேசின் புரதங்களைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. கொதிக்கும் குழம்பில் கொட்டினால் புரதம் இறுகித் திரள, கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மிதக்கும். 1911இல் சுவிட்சர்லாந்தின் கெர்பரும் ஸ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் சேர்த்து இதற்கு வழி கண்டனர். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, தளர்ந்த புரதம் கொழுப்பையும் நீரையும் சேர்த்து வைக்கும். பதப்படுத்திய சீஸுக்கு 1916இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் கிராப்ட் ஒன்ராறியோவில் பிறந்தவர். அவருடைய நிறுவனம் 1937இல் விற்கத் தொடங்கிய மக்ரோனி-சீஸ் பெட்டி இன்றும் கனடியச் சமையலறைகளில் இருக்கிறது.

வீட்டில் சிட்ரேட் இல்லாவிட்டாலும் பாஸ்தா வேகவைத்த நீர் கைகொடுக்கும். அதிலுள்ள மாவுச்சத்து, கொழுப்புத் துளிகள் ஒன்றுசேராமல் தடுக்கும். அந்த நீரில் ஒரு கரண்டியைப் பாஸ்தாவில் விட்டு, அடுப்பை அணைத்த பிறகு, துருவிய செடாரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுங்கள். ஸ்டேக் வாங்கும்போது பொதியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இறைச்சியின் சூட்டை அளக்க ஒரு வெப்பமானியும் வாங்கி வையுங்கள். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.