டிக்கெட் கையில், விமானம் தரையில்

1997-ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. அதே ஆண்டுதான் ஆவடியை அடுத்த வெள்ளானூர்ப் பக்கம் வேல்டெக் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அன்றைக்கு இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஏரிப் பாசனமும் வயலுமாக இருந்த ஊரில், விமானக் கம்பெனி ஒன்று மூடினால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்று அப்படிக் கேட்க முடியாது.

1953-இல் விமானப் போக்குவரத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, நாற்பது ஆண்டுகள் உள்நாட்டு வானம் அநேகமாக இந்தியன் ஏர்லைன்ஸ் வசமே இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனியாருக்குக் கதவு திறந்ததும் ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோடிலுஃப்ட், ஜெட் ஏர்வேஸ் என்று வரிசையாக வந்தார்கள். காற்றாலைத் தொழிலில் இருந்த என்.இ.பி.சி. குழுமமும் ஃபோக்கர் விமானங்களோடு இறங்கியது. 1995-இல் டமானியாவையும் வாங்கியது. இரண்டே ஆண்டில் கதை முடிந்தது. ஈஸ்ட் வெஸ்ட்டும் மோடிலுஃப்ட்டும் அதற்கு முந்தைய ஆண்டே படுத்துவிட்டன.

விமானத் தொழில் இப்படித் திடீரென்று சரிவதற்குக் காரணம் அதன் கணக்கிலேயே இருக்கிறது. வருமானம் ரூபாயில் வருகிறது. விமான வாடகையும் இன்ஜின் பராமரிப்பும் டாலரில் போகின்றன. செலவில் பெரும்பங்கை எரிபொருள் விழுங்கிவிடுகிறது. இன்று காலியாகப் போன சீட்டை நாளைக்கு விற்க முடியாது. அதனால் அடுத்த மாதப் பயணிகள் முன்கூட்டியே கட்டிய பணத்தில்தான் இந்த மாத விமானங்கள் பறக்கின்றன. கம்பெனி ஆட்டம் காண்கிறது என்று பேச்சுக் கிளம்பினால் முன்பதிவு நிற்கும்; எண்ணெய் நிறுவனம் ரொக்கம் கேட்கும்; வாடகைக்கு விட்டவர் விமானத்தைத் திருப்பிக் கேட்பார். ஒரு நெசவாலை பல வருஷம் நோயில் கிடந்து சாகும். விமான நிறுவனத்துக்குச் சில வாரங்களே போதும்.

அன்று அந்த வீழ்ச்சி சிலரைத்தான் தொட்டது. பறந்தவர்கள் அதிகாரிகள், ஆலை முதலாளிகள், வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவர்கள். டிக்கெட் என்பது சிறு புத்தகம். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் சிவப்புக் கார்பன் பூசியிருக்கும், விரலில் ஒட்டும். கம்பெனி கைவிரித்தால், அதை விற்ற ஏஜென்ட்டின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து பணத்தைக் கேட்கலாம். வெள்ளானூரிலிருந்து விமான நிலையம் போவதென்றால் ஆவடி வந்து மின்சார ரயிலேறி சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம் ரயிலில் திரிசூலம். அப்படிப் போனவர்களும் பெரும்பாலும் யாரையாவது வழியனுப்பப் போனவர்கள்தான்.

2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தபிறகு கணக்கு மாறியது. ரயில் பயணியை விமானத்துக்குக் கொண்டுவர முடியும் என்று அது காட்டியது. 2005-இல் மதுரை நெசவாலைக் குழுமம் ஒன்று பாராமவுண்ட் ஏர்வேஸைத் தொடங்கி, எம்ப்ரேயர் விமானங்களில் முழுக்க பிசினஸ் வகுப்பு இருக்கைகளோடு சென்னையிலிருந்து பறந்தது. விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்களோடு வழக்கு முற்றி 2010-இல் அதுவும் நின்றது. ஏர் டெக்கானை விழுங்கிய கிங்ஃபிஷரின் உரிமம் 2012 அக்டோபரில் முடக்கப்பட்டது. அதன் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி நின்றதை நாடே பார்த்தது.

இன்றைய வெள்ளானூரைப் பாருங்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் 400 அடிச் சாலை அதன் பக்கமாக ஓடுகிறது. கல்லூரி விடுமுறை விட்டால் ஆந்திரா, பீகார் என்று பல மாநிலப் பிள்ளைகள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நிற்கிறார்கள். டிக்கெட் போனில் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பே, விலை குறைந்த நாளாகப் பார்த்து அப்பா கட்டியது. இங்கேயே விமானப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு விமான நிறுவனம் விழுந்தால் ஒரு வீட்டில் பயணப் பணம் போகும். இன்னொரு வீட்டில் வேலைக் கனவு போகும்.

சட்டமும் மாறியிருக்கிறது. அன்று நொடித்த நிறுவனத்தின் மீது உயர் நீதிமன்றத்தில் கலைப்பு மனு போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2016-இல் திவால் சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றபோது அந்தச் சட்டப்படி அதைப் புதியவர்களிடம் ஒப்படைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகள் இழுத்து, 2024 நவம்பரில் அதைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 மே 2 அன்று கோ ஃபர்ஸ்ட் தானாகவே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. இன்ஜின்கள் பழுதாகி, 54 விமானங்களில் பாதி தரையில் நிற்பதாகச் சொன்னது. அதையும் 2025 ஜனவரியில் கலைக்க உத்தரவானது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. கோ ஃபர்ஸ்ட் திவால் மனு ஏற்கப்பட்டதும் விமானங்களை வாடகைக்கு விட்ட வெளிநாட்டு உரிமையாளர்கள், திவால் சட்டம் விதித்த தடையால் அவற்றை எடுத்துப் போக முடியாமல் சிக்கினார்கள். ஐந்தே மாதத்தில், 2023 அக்டோபரில், அந்தத் தடையிலிருந்து விமானங்களுக்கு விலக்கு அளித்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2025-இல் அதற்கென்றே தனிச் சட்டமும் நிறைவேறியது. அது நியாயம்தான், உரிமையாளருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் வாடகை குறையும். ஆனால் பயணி? சொத்தை விற்று வரும் பணத்தில் வங்கி, தொழிலாளர், அரசு பாக்கி எல்லாம் போனபிறகு கிட்டத்தட்ட வரிசையின் கடைசியில் நிற்கிறார். ஜெட் ஊழியர்கள் தங்கள் வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது.

வேறு வழி இருக்கிறது. பிரிட்டனில் விமானப் பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து வாங்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டரை பவுண்ட் வீதம் ஒரு பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. ஜெட் நின்ற அதே 2019-இல் தாமஸ் குக் நிறுவனம் திவாலானபோது, வெளிநாடுகளில் தவித்த சுமார் ஒன்றரை லட்சம் பேரை அங்கே அரசு ஏற்பாட்டில் ஊருக்கு அழைத்து வந்தார்கள்.

நம் ஊரிலும் இது முடியும். பறக்காத பயணியின் பணத்தை நிறுவனம் தொட முடியாதபடி தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அல்லது டிக்கெட்டுக்குச் சில ரூபாய் வீதம் ஒரு நிதி திரட்ட வேண்டும். உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேர் இரண்டே குழுமங்களை நம்பியிருக்கும் காலம் இது. இன்னொன்று விழுந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

அதுவரை பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நெடுநாள் முன்பே டிக்கெட் எடுப்பதானால் முடிந்தவரை கிரெடிட் கார்டில் எடுங்கள். நிறுவனம் நின்றுவிட்டால் உடனே வங்கிக்கு எழுதி அந்தத் தொகையைத் திருப்பக் கேளுங்கள். திவால் அறிவிப்பு வந்தால், குறித்த நாளுக்குள் உரிமைகோரும் படிவத்தையும் அனுப்புங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அது உங்கள் உழைப்பின் பணம்.