தங்கக் கடிகாரம் எந்த ராஜாவுடையது?

தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பீரோவைத் துழாவினால் சில சமயம் ஒரு தங்கப் பாக்கெட் கடிகாரம் கிடைக்கும். கிடைத்த கையோடு ஒரு பேச்சும் கிளம்பும். "ஊத்துமலை ஜமீன் கொடுத்தது" என்பார் ஒருவர். "திருவிதாங்கூர் மகாராஜா குற்றாலத்துக்கு வந்திருந்தப்போ தாத்தாவுக்குத் தந்தது" என்பார் இன்னொருவர். இருக்கலாம். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரின் ஊத்துமலை நமக்குப் பக்கத்தில்தான். செங்கோட்டை 1956 வரை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர். குற்றாலம் அரண்மனை இன்றைக்கும் கேரள அரசின் கையில் இருக்கிறது. ராஜாக்கள் நடமாடிய சீமை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு கடிகாரம் குறிப்பிட்ட ஒருவருடையது என்று சொல்ல அது போதாது. அதற்கான சாட்சி கடிகாரத்துக்குள்தான் இருக்கும். டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம், அவசரமில்லை.

முதலில் பின்மூடியைத் திறக்க வேண்டும். விளிம்பில் நகம் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பிதுக்கம் இருக்கும். அங்கே நெம்பினால் திறந்துகொள்ளும். பெரும்பாலும் உள்ளே இன்னொரு மூடி இருக்கும், இயந்திரத்தில் தூசி போகாமல் காக்க. வெளிமூடியின் உள்பக்கத்தில் கடுகளவு முத்திரைகள் வரிசையாகத் தெரியும். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். கிரீடமும் 18 என்ற எண்ணும் இருந்தால் ஆங்கிலேயர் முத்திரை. ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். பக்கத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில். அதையொட்டி ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும். ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதன் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் முத்திரைப் பட்டியலோடு ஒப்பிட்டால் கடிகாரக் கூடு முத்திரை பெற்ற ஆண்டே தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்தில் செய்ததாக இருந்தால் 1880களிலிருந்து 18 காரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். "20 ஆண்டு உத்தரவாதம்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், மட்டமான உலோகத்தின் மேல் தங்கத் தகடு பொதிந்த அமெரிக்கக் கூடு அது. தகடு தேயாமல் அத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் அந்த உத்தரவாதம்.

டயலில் "பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நின்ற பேர்பெற்ற கடை அது. ஆனால் டயலில் இருக்கும் பெயர் பெரும்பாலும் விற்றவர் பெயர். செய்தவர் பெயரோ குறியோ உள் இயந்திரத்தில் இருக்கும். அங்கே சிவப்பாக மின்னும் சிறு கற்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அச்சுகள் தேயாமல் சுழல வைத்த கற்கள் அவை. விலைக்குப் பெரிதாகப் போகாது. சாவி போட்டு முறுக்குகிற கடிகாரமா, தலையில் இருக்கும் குமிழைத் திருகுகிறதா என்பதும் வயதைச் சொல்லும். குமிழ் முறை 1840களிலேயே வந்துவிட்டது. 1851 லண்டன் கண்காட்சியில் விக்டோரியா மகாராணியே அப்படி ஒன்றை வாங்கினார். எல்லோர் கைக்கும் வந்து சேர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

இனி சிக்கலான இடம்: யாருடையது? மூடியில் பெயரோ சின்னமோ இருந்தால் நாம் உடனே அதுதான் சொந்தக்காரர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ராஜாக்கள் தங்கள் சின்னம் பொறித்த கடிகாரத்தைப் பரிசாகக் கொடுப்பது அந்தக் கால வழக்கம். திருவிதாங்கூர்ச் சங்கு பொறித்திருந்தால், மகாராஜா வைத்திருந்தார் என்பதைவிட மகாராஜா யாருக்கோ கொடுத்தார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். வாங்கியவர் ஒரு வக்கீலாகவோ வைத்தியராகவோ இருந்திருப்பார்.

உலகத்திலேயே பேர்போன பாக்கெட் கடிகாரத்தின் கதையும் இதுதான். பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட்டுக்காகப் பாரிஸில் கடிகாரம் செய்த பிரெகே என்பவரிடம் 1783-ல் சொல்லி வைத்தது, எண் 160. கூடு தங்கம். காசைப் பற்றியோ காலத்தைப் பற்றியோ கவலைப்படாமல் செய்யச் சொன்னார்கள். ராணியின் தலை 1793-ல் வெட்டப்பட்டது. பிரெகே 1823-ல் காலமானார். கடிகாரம் முடிந்தது 1827-ல். ராணி பெயரைத் தாங்கிய அந்தக் கடிகாரத்தை ராணி கண்ணால் பார்த்ததில்லை. 1838-ல் லா குருவா என்ற பிரெஞ்சுப் பிரபு அதைப் பழுது பார்க்கக் கொடுத்தார், திரும்ப வாங்க வரவேயில்லை. பிறகு பல கை மாறி ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய், 1983-ல் திருடுபோய், 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் மீண்டது. இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அந்த எண்ணும், எண் வாரியாக எழுதி வைத்த பதிவேடும். நம் வீட்டுக் கடிகாரத்திலும் எண் இருக்கும். பட்டேக் பிலிப் போன்ற நிறுவனங்கள் எண்ணைக் கொடுத்தால் எந்த ஆண்டு செய்தது, எப்போது விற்றது என்று இன்றும் எழுதித் தருகின்றன. வாங்கியவர் பெயரைச் சொல்வதில்லை.

ஜமீன் கதையை நான் மறுக்கவில்லை. அதோடு வேறு சிலரையும் சேர்த்து யோசிக்கச் சொல்கிறேன். 1903-ல் தென்காசிக்கு ரயில் வந்தது. அடுத்த வருஷமே மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை ஓடியது. அதுவரை உச்சிவெயிலையும் கோயில் மணியையும் பார்த்து நடந்த ஊருக்கு நிமிஷக் கணக்கு தேவைப்பட்டது. ரயில் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். தென்காசியில் சூரியன் உச்சிக்கு வர அதைவிடச் சுமார் 12 நிமிஷம் பிந்தும். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தபோது முள்ளை இன்னும் 9 நிமிஷம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரும் எஸ்டேட் மேனேஜரும் கோர்ட்டுக்குப் போகிறவரும் சட்டைப்பையில் கடிகாரம் வைத்துக்கொண்ட காலம் அது. அவர்களில் ஒருவர் சேமித்து வாங்கிய கடிகாரம் என்றால் மதிப்பு குறைந்தா போகும்? எனக்கு அது கூடுதல் பெருமையாகவே படுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நகைக்கடையில் கொடுத்தால் கூட்டை மட்டும் எடைபோட்டு உருக்குவார்கள். இயந்திரம் குப்பைக்குப் போகும். அதோடு முத்திரை, எண், பெயர் எல்லாம் அழிந்துவிடும். பாலீஷும் போட வேண்டாம். பொறித்த எழுத்து தேய்ந்து மறையும். பல வருஷம் ஓடாத கடிகாரத்துக்கு நீங்களே சாவி கொடுத்துப் பார்க்காமல், பழைய கடிகாரம் தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் எண்ணெய் போட்டு வாங்குங்கள். 100 ஆண்டு தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. வெளிநாட்டு ஏலம் என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைவில் வையுங்கள். மூடியைத் திறந்து ஒவ்வொரு முத்திரையையும் படம் எடுத்து, எண்ணைக் குறித்து, வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கடிகாரத்தோடு வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.