வண்டியின் ஓசை கூறும் செய்தி

நெசவாளர் தறியின் ஓசையைக் கொண்டே நாடா தடுமாறுவதை உணர்ந்துவிடுவர். உழவர், இறவை யந்திரத்தின் ஒலி மாறிய கணமே கிணற்றடிக்கு விரைவர். ஆயினும் இவ்விருவர் சரக்கையும் சுமக்கும் சிறு சரக்கு வண்டி முனகினால் மட்டும், ‘இன்னும் ஒரு நடை போகட்டும்’ என்று நாம் விட்டுவிடுகிறோம். இவ்வசதியான சோம்பலுக்கு விலை சில வேளை ஓர் உயிராகவே அமைந்துவிடும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு எதிர்க்கரையிலுள்ள பழையசீவரத்திலிருந்து வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நெல்லும் காய்கறியும் பாவு நூலும் இத்தகைய வண்டிகளில் செல்கின்றன. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டியை மக்கள் ‘குட்டி யானை’ என்றே வழங்குகின்றனர். யானை என்பதனால் யானைப் பாரம் ஏற்றலாம் என்று கருதுவோரும் உளர். பின்புற ஸ்பிரிங்கில் ஓரிரு பட்டைகளைக் கூட்டிப் பக்கப் பலகைகளையும் உயர்த்திக்கொள்கின்றனர். இவ்வாறு மாற்றிய வண்டிகளில் புதிய ஓசைகள் தோன்றினால், முதலில் மாற்றிய இடத்தையே ஆராய வேண்டும்.

ஓசை கேட்டவுடன் உறுப்புகளை மாற்றுவது வீண் செலவு. அது எப்பொழுது எழுகிறது என்பதை முதலில் அறிதல் நன்று. சங்கிலி, பலகைக் கீல், மாற்றுச் சக்கரம், ஜாக்கி ஆகியவற்றை இறுக்கியபின் பள்ளத்தில் ஏறி இறங்கிக் கேட்க வேண்டும். அப்பொழுது ‘டக்’ என்ற ஒலி எழுமாயின், ஸ்பிரிங் முனைகளிலுள்ள புஷ்களும் ஊசிகளும் தேய்ந்திருக்கலாம். ஷாக் அப்சார்பரின் பிடிப்பும் தளர்ந்திருக்கலாம். ‘கிரீச்’ என்பது பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதைக் காட்டும்.

பட்டை கூட்டிய வண்டியில் யூ போல்ட்டுகளே முக்கியம். அவை தளர்ந்தால் நடுப் போல்ட்டு முறியும். அச்சு இடம் பெயரும். வண்டி நண்டுபோல் ஒருக்களித்து ஓடும். ஆகவே, பட்டைகளின் கனத்துக்குத் தக்க நீளமுள்ள யூ போல்ட்டுகளையே பொருத்த வேண்டும். பாரத்தோடு சிறிது தூரம் ஓட்டியபின் அவற்றை மீண்டும் இறுக்குதல் இன்றியமையாதது.

வேகத்துடன் கூடும் ‘உம்’ என்ற ஒலி வேறு வகையினது. சாலை மாறும்போது அதுவும் மாறினால், டயரின் தேய்மானத்தையும் காற்றையும் பார்க்க வேண்டும். எச்சாலையிலும் ஒரேபடி ஒலித்தால் பேரிங்கை ஐயுற வேண்டும். வலப்புறம் வளையும்போது பாரம் இடச் சக்கரத்தின்மேல் சாயும். அப்பொழுது ஒலி மிகுந்தால் இடப்பக்கப் பேரிங்கே முதல் ஐயத்துக்குரியது.

சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான தாங்கி கொடுத்து, மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்கலாம். ஆட்டம் நின்றால் குறை பேரிங்கில் உள்ளது. நில்லாவிடில் கிங் பின் முதலிய இணைப்புகளில் உள்ளது. மெதுவாகச் செல்கையில் சக்கரத்தில் ‘கிளிக்’ என்று கேட்டால் உடனே நிறுத்தி நட்டுகளைப் பார்க்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால் துளைகள் அகன்று சக்கரமே கழன்றுவிடக்கூடும்.

பட்டை கூட்டுவதனால் வண்டி தாழாமல் நிற்கும். அதுவே நம்மை ஏமாற்றுகிறது. அச்சும் பேரிங்கும் டயரும் பிரேக்கும் முன்னிருந்த வலிமையையே உடையன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மிகைப் பாரத்துக்கு ரூ.20,000 அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்கப்படும். ஒரு நடையை மிச்சப்படுத்தப் போய்ப் பல நடைகளின் வருவாயை இழப்பது சிக்கனமாகாது.

வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, ஓசை எழுந்த நாள், ஏற்றிய பாரம், வேகம், செய்த பழுதுநீக்கம் ஆகியவற்றை எழுதி வருவாராக. அக்குறிப்பு மெக்கானிக்குக்கு வழி காட்டும். நம் பணத்தைக் காக்கும். வண்டியோட்டியும் சாலையில் நடப்போரும் நலமாக வீடு சேர உதவும்.