ஒரே மென்பொருள், வெவ்வேறு கணினி

கிள்ளானில் பழைய கணினி வாங்கி வந்து, பிள்ளைக்கு வேண்டிய தமிழ் மென்பொருள் அதில் ஏறவில்லை என்றதும், பணம் போயிற்றே என்று கலங்கும் பெற்றோரை நாம் காண்கிறோம். பல வேளைகளில் கணினியில் பழுதில்லை. மென்பொருள் அந்தக் கணினிக்கென்று ஆக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

மனிதர் எழுதும் மூல நிரல் ஒன்றே. அதைக் கணினியின் மூளையாகிய பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். பிராசஸரிலோ இன்டெல் வகை வேறு, கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகை வேறு. பால் வெட்டும் கத்தியால் செம்பனைக் குலையை அறுக்க முடியுமா? ஆப்பிளின் மேக் கணினிகள் 2006இல் இன்டெலுக்கும், 2020இல் ஆர்முக்கும் மாறின. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய நம் நாட்டு முரசு அஞ்சலும் இப்படிப் பல கணினித் தலைமுறைகளைக் கடந்து வந்ததுதான்.

எழுத்தைத் திரையில் வரைவது போன்ற பொது வேலைகளுக்கு ஆயத்தமாக வைத்திருக்கும் நிரல் தொகுப்பை லைப்ரரி என்பர். இன்டெல் கணினியில் அமர்ந்து ஆர்ம் கணினிக்கு லைப்ரரி ஆக்குவோர், ஆக்கும் கணினி எது, அது ஓடப்போகும் கணினி எது என்று இரண்டையும் தனித்தனியே குறித்துக் கொடுக்க வேண்டும். மறந்தால், ஆக்கும் கருவி தான் இருக்கும் கணினியையே சோதித்து அளவெடுத்துக்கொள்ளும். அண்ணன் காலை அளந்து தம்பிக்குச் செருப்பு வாங்கிய கதைதான்! ஆர்ம் நிரலோடு இன்டெல் லைப்ரரியை இணைத்தாலும் ஓடாது.

இன்டெல் வகையிலேயே 32 பிட், 64 பிட் என்று இரண்டு உண்டு. 64 பிட் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் ஏறாது. 32 பிட் மென்பொருளோ 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் ஓடும். கணினியைத் திருப்பிக் கொடுக்குமுன், அது எந்த வகை என்று கடைக்காரரிடம் கேட்டு, அதே வகைக்கு ஆக்கிய மென்பொருளை ஏற்றிப் பாருங்கள்.